கட்டு யார் கையில் அவிழும்?

வைக்கோல் வாங்க வருகிறவர்கள் முதலில் கட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு நடுவில் கையை விட்டு ஈரம் பார்ப்பார்கள். விவரமானவர்கள் ஒரு பிடி உருவி மோந்தும் பார்ப்பார்கள். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். நாலாவதாக ஒன்றையும் பார்க்கச் சொல்வேன்: எதைப் போட்டுக் கட்டியிருக்கிறது? சணலா, பிளாஸ்டிக் நூலா, நெட் என்கிற பிளாஸ்டிக் வலையா? நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வைக்கோல் கட்டும் மெஷின் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். வீட்டில் கறவை மாடுகளும் நிற்கின்றன. பகலில் கட்டுகிறவனும் விடியற்காலையில் அவிழ்த்துப் போடுகிறவனும் ஒரே ஆள் என்பதால் இந்தக் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்பா காலத்தில் கட்டுவதற்கென்று தனிப் பொருள் எதுவும் வாங்கியதில்லை. வைக்கோலிலேயே நல்ல நீளத் தாளாக எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, ஒருவர் பிடித்துக் கொடுக்க ஒருவர் முறுக்கினால் பிரி தயார். தலைச்சுமைக் கட்டுக்கும் பிரிதான், பார வண்டிக்கும் பிரிதான், விதைக்கோட்டை கட்டவும் பிரிதான். போரிலிருந்து பிடுங்கி மாட்டுக்குப் போடும்போது அவிழ்த்த பிரியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டிய வேலையே இல்லை. அதுவும் சேர்ந்தே தீவனம். கட்டும் பொருள் மாட்டின் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அறுவடை மெஷின் வந்ததும் அந்த ஒழுங்கு போயிற்று. டயர் வண்டியோ பெல்ட் வண்டியோ, நெல்லைத் தொட்டியில் வாங்கிக்கொண்டு வைக்கோலைப் பின்னால் வரிசையாகத் தள்ளிவிட்டுப் போய்விடும். கதிரடிக்கும் உருளைக்குள் புகுந்து வருவதால் தாள் நசுங்கி, ஒடிந்து, குட்டையாகியிருக்கும். அதை வாரிக் கட்ட ஆளும் கிடைக்காது, பிரி திரிக்க அதில் நீளமும் இருக்காது. வயலிலேயே கொளுத்தினவர்கள் உண்டு, அப்படியே உழுதவர்களும் உண்டு. அந்த நிலைமையில்தான் உருளைக் கட்டுப் போடும் பேலர் டெல்டாவுக்குள் வந்து பரவியது. இன்றைக்குத் தை, மாசியில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் போனால் கேரளத்துக்கும் கொங்குப் பக்கத்துக்கும் வைக்கோல் ஏற்றிப் போகும் லாரிகளைப் பார்க்காமல் இருக்க முடியாது.

எங்கள் பக்கம் ஓடுபவை சின்ன பேலர்கள். 40 குதிரைத்திறன் டிராக்டர் போதும். டிராக்டரின் சக்தியை மெஷினுக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. முன்னால் இருக்கும் கம்பி விரல்கள் வரிசையை வாரி உள்ளே தள்ளும். அறைக்குள் வைக்கோல் உருண்டு உருண்டு இறுகும். அறை நிறைந்ததும் மெஷின் சத்தம் கொடுக்கும். உடனே டிராக்டரை நிறுத்திவிட வேண்டும், பி.டி.ஓ. மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் சணல் உள்ளே போகிறது. சணல் கோத்த குழாய் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக நகரும். சுழன்றுகொண்டிருக்கும் கட்டு தானே சணலை இழுத்துத் தன்மேல் சுற்றிக்கொள்ளும். ஓரம் சேர்ந்ததும் கத்தி நறுக்கும், பின்கதவு திறக்கும், கட்டு உருண்டு விழும். ரெண்டடி விட்டம், மூன்றடி நீளம். நன்றாகக் காய்ந்த சம்பா வைக்கோல் என்றால் 15 முதல் 25 கிலோ வரை நிற்கும்.

இந்தக் கட்டில் முடிச்சே கிடையாது. பலர் இதைக் கவனிப்பதில்லை. சுற்றிய இறுக்கத்தில்தான் சணல் நிற்கிறது. நுனி வைக்கோலுக்குள் செருகிக்கொண்டு கிடக்கும். ரெண்டடி விட்டத்துக்கு ஒரு சுற்று ஆறேகால் அடி, எட்டுச் சுற்று போட்டால் 50 அடி. ஒரு கட்டில் 50 அடி கயிறு இருக்கிறது என்றால் வாங்குகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தால் அந்த 50 அடியும் ஒரே இழையாகக் கையோடு வந்துவிடும். அவசரத்தில் அரிவாளைக் குறுக்கே போட்டு அறுத்தால் எட்டுத் துண்டு. எட்டில் ஏழு கையில் வரும், ஒன்று வைக்கோலோடு தொட்டிக்குப் போகும்.

சணலை மெஷினில் ஓட்டுவது பொறுமையான வேலை. வங்காளத்து ஆலைகளிலிருந்து வருகிற உருண்டைகளில் இழை ஒரே கனமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் தடித்திருக்கும், ஓரிடத்தில் பிசிறாக மெலிந்திருக்கும். தடித்த இடம் குழாயில் மாட்டும், மெலிந்த இடம் அறுந்துபோகும். ஒரு உருண்டையின் கடைசியை அடுத்த உருண்டையின் தொடக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டு, வால் நீளாமல் கத்தரிக்க வேண்டும். நீண்டால் அதுவும் மாட்டும். தூசியும் சணல் பிசிறும் அடைத்துக்கொண்ட குழாயை அன்றாடம் ஊதித் துடைக்க வேண்டும். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஓரத்திலிருந்து நாலு விரல் உள்ளே விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் லாரியில் ஏற்றும்போது நழுவி, கட்டு வாயைப் பிளந்துவிடும். சுமை தூக்குகிறவர்கள் சணலுக்கு அடியில் விரலைக் கொடுத்துத்தான் தூக்குவார்கள். பிடி தளர்ந்தால் ஏச்சு எனக்குத்தான் வரும்.

சணலுக்குப் பகை ஈரம். சம்பா வைக்கோல் தையில் பனி காய்ந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் கட்டினால் பிரச்சினையில்லை. குறுவை அப்படியில்லை. புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பார்கள், அன்றைக்கே மழை பிடித்துக்கொள்ளும். வரிசையின் மேல்பக்கம் காய்ந்திருக்கும், கீழே கையை விட்டால் சொதசொதவென்றிருக்கும். ஒரு பிடியை எடுத்து முறுக்கினால் படபடவென்று ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால் கட்டக் கூடாது. மீறிக் கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும், சணலும் கட்டின இடத்திலேயே இற்றுப்போகும். தரையோடு அடுக்கிய அடிக்கட்டில் கறையான் ஏறும், எலி கடிக்கும். மழைக்காலம் முடிந்து எடுக்கும்போது அடி வரிசை கட்டாக இராது, குவியலாக இருக்கும்.

பிளாஸ்டிக் நூல் இங்கேதான் நுழைந்தது. அது இற்றுப்போகாது, எலி கடித்தாலும் அவ்வளவு சீக்கிரம் அறாது, கனம் ஒரே சீராக இருப்பதால் குழாயில் மாட்டாது. கிலோவுக்குச் சணலைவிடப் பல மடங்கு நீளம் ஓடும், ஆகவே கட்டுக்கான செலவும் குறையும். மெஷின்காரனுக்கு எல்லா வகையிலும் வசதி. எனக்கும் உருண்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். நீல நிறம், மினுமினுப்பு, இழுத்தால் விரலை அறுக்கும் உறுதி. என் மெஷினில் அதை ஏற்றியதில்லை. காரணத்தை ஒரு பசுவின் வயிற்றிலிருந்து எடுத்து எனக்குக் காட்டினார்கள்.

எங்கள் தெருவில் ஒரு சின்னம்மாவின் ஜெர்சிக் கலப்புப் பசு. சில வாரங்களாக இடதுபக்க வயிறு உப்பும், மருந்து கொடுத்தால் வடியும், ரெண்டு நாள் கழித்துத் திரும்ப உப்பும். அசை போடுவது குறைந்து, பால் வற்றி, சாணம் கொஞ்சமாகக் கெட்டியாக வந்தது. டாக்டர் இடுப்புக் குழியில் முஷ்டியை வைத்து அழுத்திவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "உள்ள என்னமோ கிடக்குது, திறந்துதான் பாக்கணும்" என்றார். கால்நடை மருத்துவமனைக்கு வண்டியில் ஏற்றிப் போனது நானும் சின்னம்மாவின் மகனும்.

மாட்டைப் படுக்க வைக்கவில்லை. நின்ற நிலையிலேயே இடது விலாவுக்குப் பின்னால் மயிரை மழித்து, மருந்து தடவி, மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சாண் நீளத்துக்கு மேல் கிழித்தார்கள். தோல், சதை, அதற்குள் வயிற்றின் சுவர். சுவரை வெளியே இழுத்துத் தோலோடு பொருத்திக்கொண்ட பிறகுதான் அதைத் திறந்தார்கள், உள்ளே இருப்பது குடல் பக்கம் சிந்திவிடக் கூடாதென்று. டாக்டர் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டார். முதலில் வந்தது வைக்கோல் சக்கை. அப்புறம் மளிகைக் கடைப் பைகள். பிறகு ஒன்று வரவே மாட்டேன் என்றது. ரெண்டு கையாலும் பிடித்து மெதுவாக உருவினார். சடை பிடித்த முடிபோலத் திரிந்து இறுகிய ஒரு கொத்து வெளியே வந்து தட்டில் விழுந்தது. கழுவிப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நீல நூல். நீளத் துண்டும் குட்டைத் துண்டுமாகப் பின்னிக்கிடந்தது. நிறம்கூட மங்கவில்லை.

"சணலா இருந்தா இந்நேரம் பாதி கரைஞ்சிருக்கும் தம்பி," என்றார் டாக்டர். "இது மாடு சாகுற வரைக்கும் இப்படியேதான் கிடக்கும்."

ஏன் அப்படி என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. நாக்கைச் சுழற்றி வாரி, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு, பிறகு ஓய்வாக அசை போடுகிற பிராணி. ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும், மாட்டுக்கு அந்தப் பொறுக்கல் தெரியாது. விழுங்கியது போய்ச் சேரும் முதல் இரைப்பை, நூறு லிட்டருக்கு மேல் கொள்கிற தொட்டி. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தான் வைக்கோலின் நாரைப் பிரித்துச் சத்தாக்குகின்றன. சணலும் பெரும்பாலும் அதே நார்ப்பொருள் என்பதால் அவை அதையும் மெல்ல மெல்லத் தின்னும். பிளாஸ்டிக் நூல் பாலிபுரொப்பிலீன், நெட் பாலிஎத்திலீன். இந்த ரெண்டையும் பிரிக்க அந்த நுண்ணுயிர்களிடம் வழி கிடையாது.

கரையாவிட்டாலும் சாணத்தோடு வெளியே போகக் கூடாதா என்று கேட்டேன். முதல் இரைப்பைகளைக் கடந்து போக வேண்டுமானால் ஒரு பொருள் பொடியாகவும் இருக்க வேண்டும், கனத்து அடியில் இறங்கவும் வேண்டும். இந்த ரெண்டு பிளாஸ்டிக்குமே தண்ணீரைவிட லேசு. மேலே மிதக்கும் வைக்கோல் மெத்தையில் சிக்கிக்கொண்டு, வயிறு சுருங்கி விரியும் ஒவ்வொரு தடவையும் ஒன்றோடொன்று திரியும். புதிதாக உள்ளே வருகிற துண்டு பழைய கொத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில், வயிற்றில் திறப்பு வைத்த மாடுகளின் இரைப்பைக்குள் நெட்டையும் கத்தாழை நார்க் கயிற்றையும் போட்டு வைத்துச் சோதித்திருக்கிறார்கள். நார்க்கயிறு நாளாக நாளாகக் கரைந்திருக்கிறது, நெட் கரையவில்லை.

அந்த டாக்டர் சொன்ன இன்னொன்றையும் நான் போகுமிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நாலு பங்குதான், தாதுச்சத்தும் குறைவு. வெறும் வைக்கோலில் நிற்கிற மாட்டுக்குப் பாஸ்பரஸும் உப்பும் பற்றாமல் போய், துணி, கயிறு, பை என்று கண்டதைக் கடிக்கிற பழக்கம் வரும். ஆகவே எங்கள் கட்டை நம்பி நிற்கிற மாடுதான் எங்கள் கயிற்றையும் தேடித் தின்னக்கூடிய மாடு. தாது உப்புக் கலவையைத் தினமும் தீவனத்தில் சேர்க்கச் சொல்வதற்கு வைக்கோல் விற்கிறவனுக்கும் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். சின்னம்மாவின் பசு தையல் பிரித்த பிறகு தேறி, மறுபடி சினை பிடித்தது.

கட்டுகிற பொருள் மாட்டைக் கொல்கிற சங்கடம் நம் ஊரில் தொடங்கியதல்ல. 1870களில் அமெரிக்கக் கோதுமை வயல்களில் கதிரை அறுத்துக் கட்டும் மெஷின் வந்தபோது கட்டுவதற்கு இரும்புக் கம்பியைத்தான் பயன்படுத்தினார்கள். அறுந்த கம்பித் துண்டுகள் வைக்கோலோடு மாட்டின் வயிற்றுக்குள் போயின, மாவு மில்களுக்குள்ளும் போயின. விவசாயிகளும் மில்காரர்களும் சேர்ந்து கம்பி வேண்டாம் என்றார்கள். விஸ்கான்சின் மாநிலத்து ஜான் ஆப்பிள்பி 1878இல் கயிற்றுக்கு முடிச்சுப் போடும் கருவியைக் கொண்டுவந்த பிறகு சில ஆண்டுகளிலேயே கம்பி அந்த மெஷின்களை விட்டுப் போனது. மாட்டுக்காரர்கள் வாய் திறந்து கேட்டபோது மெஷினே மாறியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் வாங்குகிறவர்கள் வாய் திறப்பதில்லை என்பதுதான் என் குறை. "நீலக் கயிறு கட்டு எனக்கு வேணாம்" என்று பத்துப் பேர் சொன்னால் பதினோராவது ஆளுக்கு அந்தக் கட்டு வராது.

சணலையும் முழுக்கச் சாதுவென்று சொல்லமாட்டேன். புது உருண்டையைப் பிரித்தால் ஒரு எண்ணெய் வாடை அடிக்கும். நாரை மென்மையாக்க ஆலையில் தெளிக்கிற எண்ணெய் அது, பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய். கோகோ, காபிக்கொட்டை போன்ற பண்டங்களுக்கான சாக்கில் அந்த எண்ணெய் கூடாதென்று தாவர எண்ணெயில் பதமாக்கிய சணலைத் தனியாகவே நெய்கிறார்கள். மாட்டுத் தீவனத்தைக் கட்டுகிற சணலுக்கும் அந்தக் கவனம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதோடு, கரையும் என்பதற்காக 50 அடியையும் தின்னவிட முடியாது. மெல்லக் கரைகிற பொருளும் மொத்தமாக உள்ளே போனால் திரியத்தான் செய்யும். சணலையும் உருவித்தான் எடுக்க வேண்டும். தப்பித்தவறி ஒரு துண்டு உள்ளே போனால் மாடு பிழைத்துக்கொள்ளும் என்பது மட்டும்தான் சணல் கொடுக்கிற உத்தரவாதம். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

தென்னை நார்க் கயிறு கட்டலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. நம் ஊர்ப் பொருள் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அது குழாயில் ஓடாது, பிசிறு அதிகம். அதில் லிக்னின் என்கிற கடினப் பொருள் சணலில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல். காற்றில்லாத இரைப்பையில் லிக்னினை நுண்ணுயிர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் தென்னை நாரும் உள்ளே கிடக்கிற பொருள்தான்.

இனி நெட். இதை எடுத்தவுடன் குறை சொல்வது நியாயமாகாது, ஏனென்றால் வயலில் அது அருமையான பொருள். சணல் என்றால் ஒவ்வொரு கட்டுக்கும் டிராக்டரை நிறுத்தி இருபது, முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். நெட் கட்டின் முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் மூடிவிடுவதால் ரெண்டு, ரெண்டரைச் சுற்று போதும், சில விநாடியில் முடிந்துவிடும். ஒரு நாள் முழுவதும் சேர்த்தால் டீசலும் நேரமும் கணிசமாக மிச்சம். ஒடிந்த குட்டை வைக்கோல் சணல் சுற்றுகளுக்கு இடையில் உதிரும், நெட்டில் உதிராது. அமெரிக்கா, கனடா பக்கம் அரை டன் எடையுள்ள உருளைகளைத் திறந்த வெளியில் குளிர்காலம் வரை போட்டு வைக்கிறார்கள். அங்கே நெட் மழைத் தண்ணீரை ஓரளவு வழியவிட்டு, புல் கெடுவதைக் குறைக்கிறது. அந்த நிலத்தில், அந்த அளவுக் கட்டுக்கு நெட் பிறந்ததில் அர்த்தம் இருக்கிறது.

அங்கேயும் தொல்லை அவிழ்க்கும்போதுதான். மழையில் நனைந்த நெட் உறைபனியில் புல்லோடு சேர்ந்து கட்டியாகிவிடும், பிய்த்தெடுக்க முடியாது. பெரிய பண்ணைகளில் பொறுமையில்லாமல் நெட்டோடு சேர்த்தே கட்டை அரைத்துப் போடுகிறவர்கள் உண்டு. வட டகோட்டாக்காரர்கள் அந்தச் சோதனையைச் செய்தது அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான்.

நம் வைக்கோலில் நெட்டைக் கட்டிப் பார்த்தால் வேறொரு சிக்கல். நெல் தாள் மெல்லியது, முனை கூர்மையானது. வலைக் கண்ணுக்குள் ஆயிரம் தாள் புகுந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவிழ்க்க ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வைக்கோலும் கூடவே வரும். உதறினால் நெட் கிழியும். கத்தியால் அறுத்த இடத்தில் விரல் நீளத் துணுக்குகள் தனியாகக் கழன்று விழும். வெளுத்த வைக்கோலின்மேல் விழுந்த வெள்ளைத் துணுக்கு பட்டப்பகலிலேயே கண்ணில் படாது. அதைக் கட்டு அவிழ்க்கிறவரின் நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள். பால் சொசைட்டி வண்டி வருவதற்கு முன்னால் கறக்க வேண்டும், கறப்பதற்கு முன்னால் தீவனம் போட வேண்டும். விடியற்காலை நாலரை மணி, கொட்டகையில் ஒரே ஒரு பல்பு. அவிழ்ப்பது அறுபது வயது அம்மாவாக இருக்கும், இல்லையென்றால் பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளையாக இருக்கும். அந்த இருட்டில் அந்தக் கைகள் ஒரு துணுக்கையும் விடாமல் பொறுக்கும் என்று எதிர்பார்த்து நான் கட்டுப் போட முடியாது. ஆகவே ரெண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கிற வீடுகளுக்குப் போகிற கட்டுக்குச் சணல்தான் என்று முடிவாக வைத்திருக்கிறேன். மெஷினில் நெட் ஏற்ற வசதி இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

சைலேஜ் விஷயத்தில் என் அபிப்பிராயம் வேறு. மக்காச்சோளத் தட்டையைக் கதிரோடு பச்சையாக நறுக்கி, இறுக்கி உருட்டி, மேலே பிலிம் சுற்றி, காற்றுப் புகாமல் புளிக்கவைக்கிற கட்டு அது. அங்கே சணல் ஆகாது. புளித்த ஈரத்தில் அது இற்றுவிடும், அதன் எண்ணெய் பிலிமைக் கெடுக்கும், சுற்றுக்குச் சுற்று உண்டாகும் மேடுபள்ளத்தில் காற்று தங்கும். நெட் சமமாக உட்காரும், அதன்மேல் பிலிம் ஒட்டிக்கொள்ளும். அவிழ்ப்பதும் சுலபம். பிலிமை எப்படியும் கிழித்துத்தான் ஆக வேண்டும், பிளாஸ்டிக் இருக்கிறது என்பது கண்ணுக்கு எதிரே தெரிகிறது. நறுக்கிய தட்டை வலைக் கண்ணில் வைக்கோலைப்போலக் கோத்துக்கொள்வதும் இல்லை, ஓரத்தைப் பிடித்து உரித்தால் முழுசாக வந்துவிடும். சைலேஜ் வாங்குகிற பண்ணைகளில் பெரும்பாலும் தீவனத்துக்கென்று ஒரு ஆள் இருப்பார். அங்கே நான் நெட்டுக்கு எதிரியில்லை.

என்னை அதிகம் பயமுறுத்துவது தீவனம் நறுக்கும் மெஷின். வைக்கோலை நறுக்கிப் போட்டால் கழிவு குறையும் என்று இப்போது சின்னப் பண்ணைகளிலும் வாங்கிவிட்டார்கள். கட்டை அவிழ்க்காமல் அப்படியே வாயில் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 50 அடி பிளாஸ்டிக் நூல் ஒரு அங்குலத் துண்டுகளாக வைக்கோலோடு கலந்து விழும். அதற்குப் பிறகு கடவுளே வந்தாலும் பிரித்தெடுக்க முடியாது. ஒரு பண்ணைக்காரர், "பொடிசா ஆயிடுச்சுல்லண்ணே, சாணத்துல போயிடும்" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாணக் குழியின் ஓரத்தைக் கிளறிக் காட்டினேன், கொஞ்சம் வந்திருந்தது. "வந்தது இது. வராதது எங்க இருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். நறுக்கும் மெஷினுக்கு முன்னால் கட்டைத் தரையில் உருட்டி, நுனியைப் பிடித்து, முழுக்க உருவி, சுருட்டிப் பையில் போட்டுவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள் என்பதைத் தவிர நான் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

மாட்டின் வயிற்றுக்குள் போகாமல் வெளியே கிடக்கிற நூலும் கெடுதல்தான். சணல் குப்பைக்குழியில் எருவோடு எருவாகிவிடும். நீல நூலும் நெட்டும் எருவோடு வயலுக்குப் போய், ரோட்டவேட்டர் தண்டில் சுற்றிக்கொள்ளும். சுற்றினது உராய்ந்து ஆயில் சீலை அறுத்துவிட்டால் கியர் எண்ணெய் முழுக்க ஒழுகிப்போகும். தண்டிலிருந்து அதைக் கத்தியால் அறுத்தெடுக்கிற டிரைவர்கள் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. சாயங்காலம் கொசுவுக்காகக் கொட்டகையில் மூட்டம் போடும்போது மிச்ச நூலையும் அதில் சேர்த்து எரிக்கிற வீடுகள் உண்டு. அந்தப் புகையை மாடும் மனுசரும் இரவு முழுக்கச் சுவாசிக்கிறார்கள். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கடைக்காரர் கொடுக்கிற பைக்கு இருக்கிற கட்டுப்பாடு, நேராக மாட்டின் தொட்டிக்கே போகிற நூலுக்கு எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.

சணல் விலை ஏறும்போதெல்லாம் வியாபாரிகள் என்னிடம் பேச வருவார்கள். "கட்டுக்கு ரெண்டு ரூபா சேத்துக் கேக்குற, பக்கத்து மெஷின்ல நீலக் கயிறு போட்டுக் கம்மியாத் தர்றான், அதுவும் வைக்கல்தானே?" என்பார்கள். நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு மாட்டுக்கு வயிற்றைத் திறக்க நேர்ந்தால், ஆஸ்பத்திரியில் காசு வாங்காவிட்டாலும் வண்டி வாடகை, பால் நிற்கிற நாட்கள், மருந்து, கூட நிற்கிற ஆளின் கூலி என்று எத்தனை கட்டின் சணல் செலவு அதில் போகும் என்று அவர்களையே கூட்டச் சொல்வேன். சிலர் கூட்டிப் பார்த்துவிட்டுச் சணல் கட்டையே ஏற்றிப் போவார்கள். சிலர் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள். போகிறவர்களை நான் திரும்பக் கூப்பிடுவதில்லை.

கட்டும் முறையிலும் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். கத்தி நறுக்கிய பிறகு சணலின் வால் ஒரு முழத்துக்குக் குறையாமல் வெளியே தொங்கும்படி வைத்துவிடுவேன். இருட்டில் தடவினாலும் நுனி கையில் சிக்க வேண்டும், அறுக்க அரிவாளைத் தேடக் கூடாது. அப்படி உருவிய சணலை வீட்டுப் பெண்கள் சுருட்டி வைத்துக் கொத்தமல்லிக் கட்டுக்கும் பந்தலில் கொடி ஏற்றவும் எடுத்துக்கொள்கிறார்கள். கேரளத்து வியாபாரிகளிடம், லாரியில் சணல் கட்டும் நீல நூல் கட்டும் கலந்து ஏற்றினால் என் கட்டைத் தனி வரிசையாக அடுக்கச் சொல்லிவிடுவேன். சைலேஜ் எடுக்கும் பண்ணைகளுக்கு ஒரே நிபந்தனை: கொட்டகை வாசலில் ஒரு காலிச் சாக்கு தொங்க வேண்டும், உரித்த நெட் அதற்குள்தான் போக வேண்டும், வார முடிவில் அவிழ்த்த கட்டும் சாக்கிலுள்ள நெட்டும் எண்ணிக்கையில் சரியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் தொட்டியையும் தரையையும் தேடிவிட்டுத்தான் அடுத்த கட்டில் கை வைக்க வேண்டும்.